பச்சைக் கறையும் பேரனின் சுவாசக் குழாயும்

மூன்று வருடம் முன்பு என் மகள் வயிற்றுப் பேரன் நிமோனியாவோடு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். எட்டு மாதக் குழந்தை, வாயில் வென்டிலேட்டர் குழாய். பத்தாம் நாள் சளி பச்சையாக வந்தது. ரிப்போர்ட்டில் 'சூடோமோனாஸ் ஏருஜினோசா' என்று போட்டிருந்தார்கள். "மெஷினிலிருந்து வந்ததா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க ஐயா, குழந்தையோட வாய், குடல்ல இருந்தும் வரலாம்" என்றார். வாழ்நாளெல்லாம் ஃபைல் புரட்டியவனுக்கு அது போதவில்லை.

பேரன் வீடு திரும்பிய பிறகு தேடினேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்தது அப்போது உதவியது. 1882-இல் கார்ல் ஜெஸார் என்ற பிரெஞ்சு ராணுவ மருந்தாளர், காயக் கட்டுத் துணிகளில் ஏறும் நீலப் பச்சைக் கறையை ஆராய்ந்து, அதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார். பிரெஞ்சில் அதற்கு 'பாசில் பியோசியானிக்', அதாவது நீலச்சீழ்க் கிருமி என்று பெயர். 'ஏருஜினோசா' என்பது செம்பில் ஏறும் களிம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சாயம் போட்ட நூல் காயும் நாகல் நகரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கிருமியும் சாயம் போடுகிறதே!

இது ஈரத்தில் வாழும் கிருமி. நாம் இழுக்கும் காற்றை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. தொண்டைக்குள் குழாய் போனால் அந்த வேலையை இயந்திரம் செய்ய வேண்டும். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பியோர்ன் இப்சன் என்ற டாக்டர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார். மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு ராப்பகலாகக் கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். அந்த வேலைதான் பின்னர் மெஷின்களுக்குப் போனது. காற்றை ஈரமாக்கத் தண்ணீர் வைத்தார்கள், தண்ணீரில் கிருமி குடியேறியது. 1965-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆராய்ந்தவர்கள், நெபுலைசர் தெறிக்கும் நுண்துளிகளோடு கிருமியும் நுரையீரலுக்குள் போவதைக் காட்டினார்கள். வெறும் ஆவியாக மட்டும் போனால் கிருமி அதில் ஏறாது, துளிதான் வாகனம். அவர்கள் கண்ட மருந்து என்ன தெரியுமா? நீர்த்த அசிட்டிக் அமிலம், 0.25 சதவீதம். வினிகர்ச் சமாச்சாரம்தான்! அதை நெபுலைசரில் ஓடவிட்டுச் சுத்தம் செய்தபின் அந்த வகை நிமோனியா குறைந்தது என்று 1970-இல் எழுதினார்கள்.

குழாய்களை முன்பெல்லாம் தினம் மாற்றினார்கள், பிறகு 48 மணிக்கு ஒருமுறை. 2004-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், அழுக்கானாலோ பழுதானாலோ மாற்றினால் போதும் என்கிறது. ஆனால் குழாயில் தேங்கும் தண்ணீர் குழந்தை பக்கம் ஓடிவிடக் கூடாது. அந்த சிஸ்டர் ஒவ்வொரு முறையும் குழாயைத் தாழ்த்திப் பிடித்துத் தண்ணீரை வடித்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

பேரனுக்கு இன்னும் சளி பிடித்தால் வீட்டில் நெபுலைசர் வைக்கிறோம். கப்பைக் கழுவிக் காயவைத்தாயா என்று மகளிடம் கேட்பேன். "அப்பா, மூணாவது தடவை கேக்குறீங்க" என்பாள்.