பயிற்சிக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு: காயமீட்பு உடற்பயிற்சியின் வரலாற்றில் 1945

முன்னுரை

காயமுற்ற உறுப்பை அசைக்காமல் வைத்திருப்பதே அதற்கான முதல் மருந்து என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டு மேலை மருத்துவத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. ஆங்கில அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் ஓய்வின் மருத்துவப் பயனை விளக்கி 1863இல் வெளியிட்ட விரிவுரைகள் இக்கருத்துக்குச் செல்வாக்கு மிக்க வடிவம் தந்தன. காயத்திலிருந்தும் நாட்பட்ட வலியிலிருந்தும் மீள்வோருக்கு உடற்பயிற்சியாளர் துணைநிற்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. ஆயின் பயிற்சிக்கூடத்து அறிவு மருத்துவத்துள் நுழைந்த வழி நேரானதன்று. 1945இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கட்டுரையையும் ஒரு நூலையும் ஒப்பிட்டு அவ்வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

தாமஸ் டிலோர்மின் அளவுமுறை

தாமஸ் டிலோர்ம் இளமையில் வாதக்காய்ச்சலால் படுக்கையில் கிடந்தவர். பின்னர் எடைதூக்கிப் பயின்று உடல்வலிமை பெற்றவர். மருத்துவரான பின், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிகாகோவின் கார்டினர் படைமருத்துவமனையில் பணியாற்றினார். எலும்பும் மூட்டும் காயமுற்ற வீரர்கள் அங்குப் பெருகியிருந்தனர். குறைந்த எடையைப் பலமுறை அசைக்கும் வழக்கமான பயிற்சியால் அவர்களது நலிந்த தசைகள் விரைவில் மீளவில்லை. எனவே, தாம் எடைப்பயிற்சியில் கற்றதை டிலோர்ம் நோயாளிகளிடம் கையாண்டார். பாதத்தில் இரும்புக் காலணியைப் பூட்டி, அதில் எடையைப் படிப்படியாகக் கூட்டினார்.

குறைந்த எடையைப் பலமுறை அசைப்பது தாங்குதிறனையும், மிகுந்த எடையைச் சிலமுறை அசைப்பது வலிமையையும் வளர்க்கும் என்பது 1945ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் முன்வைத்த கொள்கை. ஒருவர் 10 முறை மட்டுமே தூக்க இயலும் எடையே அவரது அளவுகோல். ஆர்தர் வாட்கின்சுடன் இணைந்து அவர் 1948இல் எழுதிய கட்டுரை, அவ்வெடையில் பாதி, முக்கால், முழுமை என 3 சுற்றுகளை வகுத்தது. ‘கடும் எதிர்ப்புப் பயிற்சி’ என்ற முதற்பெயர் ‘படிமுறை எதிர்ப்புப் பயிற்சி’ என மாறியமையும் நோக்கத்தக்கது. பளு தூக்குவது உடலைக் கெடுக்கும் என்ற அக்கால அச்சத்தைத் தணிக்கவல்ல பெயர் இது.

ஜோசப் பிலாட்டீசின் பயிற்சிக்கூடம்

1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் மருத்துவர் அல்லர். முதல் உலகப்போரின்போது பகைநாட்டவர் என்ற நிலையில் மான் தீவின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். 1926இல் அமெரிக்கா சென்ற அவர் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் அமைத்தார். காயமுற்ற நடனக் கலைஞர்கள் அவரை நாடினர். சுருள்வில் பொருத்திய கருவிகள், மூச்சொழுங்கு, முழு உடலையும் ஒருங்கிணைக்கும் அசைவு ஆகியன அவரது முறையின் அடிப்படைகள். வில்லியம் மில்லருடன் எழுதி அவர் 1945இல் வெளியிட்ட நூல் 34 பயிற்சிகளைப் படங்களுடன் விளக்குகிறது. ஆயினும் 1967இல் அவர் இறக்கும்வரை மருத்துவ உலகின் பரவலான ஏற்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஏற்பின் காரணம்

இருவருமே அசைவை மீட்புக்கு வழியாகக் கொண்டனர். ஒருவர் முறையே விரைவில் மருத்துவத்துள் இடம்பெற்றது. டிலோர்மின் மருத்துவப் பட்டமும் படைப்பணியும் இதற்குத் துணைநின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை மட்டுமே போதிய விளக்கம் ஆகா. டிலோர்ம் பயிற்சியை மருந்தளவைப்போல் எண்ணாக்கினார். அவரை அறியாத மருத்துவரும் வேறோர் இடத்தில் அதனைத் திரும்பச் செய்ய முடிந்தது. பிலாட்டீசின் அறிவோ பெரிதும் அவரது கண்ணிலும் கையிலும் தங்கி, நேரடி மாணவர் வழியாகப் பரவியது.

எனினும், அளவுகோல் அனைத்தையும் அளந்துவிடவில்லை. தூக்கிய எடை தசைவலிமையைக் காட்டியது. நோயாளியின் வலியைக் காட்டவில்லை. வலியைப் பொறுத்தவரை ஓய்வின் மீதான நம்பிக்கை மேலும் பல்லாண்டுகள் நீடித்தது. ரிச்சர்ட் டேயோ குழுவினர் முதுகுவலியுற்ற 203 பேரிடம் நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வு, 2 நாள் படுக்கை ஓய்வு 7 நாள் ஓய்வுக்குக் குறைந்த பயனுடையதன்று எனக் காட்டியது.

முடிவுரை

எடையைப் படிப்படியாகக் கூட்டும் இன்றைய பயிற்சியாளர் டிலோர்மின் வழியிலும், அசைவின் ஒழுங்கைத் திருத்துபவர் பிலாட்டீசின் வழியிலும் நிற்கின்றனர். முன்னதற்குக் கட்டுரைச் சான்று உண்டு. பின்னதற்குப் பெரும்பாலும் மாணவர் நினைவே சான்று. எண்ணில் அடங்காத காரணத்தால் ஒரு முறை பயனற்றதாகிவிடாது. நாடிவந்தோர் பலர் என்பதால் அதன் பயன் நிறுவப்பட்டதாகவும் ஆகாது. மருத்துவ இதழ்களோடு பயிற்சிக்கூடங்களின் ஆவணங்களையும் மாணவர்களின் வாய்மொழிச் சான்றுகளையும் ஒப்பிட்டு எழுதும்போதே காயமீட்பின் வரலாறு முழுமை பெறும்.