கக்கத்தில் இருந்த சட்டை

"பொற்காலம்!" என்றார், மேடையிலே நின்று அறிவித்தவர். கைதட்டல் எழுந்தது. ஒலிபெருக்கி பழைய திரைப்பாடல் ஒன்றை முழக்கிற்று. பென்சிலால் மீசை தீட்டிய சிறுவர்கள், இரட்டைச் சடைக்கு நாடா கட்டிய சிறுமியர், தோள்பட்டையிலே துணி புடைத்து நிற்கும் ரவிக்கைகள், வெள்ளைச் சட்டைகள், கறுப்புக் கண்ணாடிகள் எல்லாம் வரிசையாக வந்தன, வளைந்தன, வணங்கின, சென்றன. வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழா அது. 'தாத்தா காலத்துத் திரை வேடம்' என்பது போட்டியின் பெயர். வரலாறு கற்பிக்கிறவன் என்பதற்காக முன்னுரை எழுதும் பணி என் தலையில் விழுந்தது. எழுதினேன். இனிமை, எளிமை, தூய்மை என்று அடுக்கினேன். அடுக்குமொழிக்கு என்ன பஞ்சம்!

விழா முடிந்தபோது, கடைசி வரிசையிலே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் என்னை அழைத்தார். வேடமிட்ட மாணவன் ஒருவனின் தாத்தா. எண்பதைக் கடந்தவர். "நல்லாப் படிச்சீங்க வாத்தியாரே. சட்டையெல்லாம் கூட அழகாத்தான் இருந்துச்சு. ஆனா நாங்க சட்டையைப் போட்டுக்கிட்டுப் போகல. கக்கத்துல வச்சுக்கிட்டுப் போனோம்" என்றார்.

என் முன்னுரை அங்கேயே செத்தது.

அவர் கூறியது இதுதான். அவருடைய தெருவிலிருந்து சினிமாக் கொட்டகைக்குச் செல்ல வேண்டுமானால் ஊர்த் தெருவைக் கடக்க வேண்டும். ஊர்த் தெருவிலே அவரைப் போன்றவர்கள் சட்டையுடன் நடக்கக் கூடாது. எனவே, மடித்த சட்டை கக்கத்தில், துண்டு இடுப்பில். தெரு முடிந்ததும் சட்டை உடலுக்கு வரும். கொட்டகையிலே மூன்று மணி நேரம் சட்டை போட்ட மனிதன். திரும்பும்போது மீண்டும் கக்கம்! எழுதிய சட்டம் அல்ல இது, தோழர்களே. எழுதாத சட்டம். எழுதியதைக் கிழித்தெறியலாம், எழுதாததை எங்கே பிடித்துக் கிழிப்பது?

எழுதாத சட்டம் சில நேரங்களில் வாய்விட்டுச் சொல்லப்பட்டதும் உண்டு. 1930ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் இராமநாதபுரத்துச் சீமையிலே ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன், சாதி பற்றிய தம் நூலிலே அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் செல்லக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டிக் கொள்ளக் கூடாது. மண் கலமன்றி வேறு கலம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக் கூடாது. பூச்சூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. இந்தப் பட்டியலையும் எங்கள் பள்ளி மேடையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சட்டை, கிராப்பு, ரவிக்கை, பூ, செருப்பு! நாம் 'நாகரிக மோகம்' என்று செல்லமாக அழைப்பவை அனைத்தும் அங்கே 'கூடாது' என்ற சொல்லின் கீழ் நிற்கின்றன.

இராமநாதபுரம் பிரிட்டிசார் ஆண்ட சீமை; புதுவையோ பிரெஞ்சு மண், சமத்துவம் பேசிய புரட்சியின் மண் என்பார் உண்டு. இங்கும் ஒரு கதை இருக்கிறது. 1873ஆம் ஆண்டு, பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் மேனாட்டுக் காலணி அணிந்து புதுவை நீதிமன்றத்திலே வழக்காட வந்தார். அது அவமதிப்பு எனக் கூறித் தண்டித்தார் நீதிபதி. பிள்ளை சும்மா இருக்கவில்லை. பாரிசு வரை சென்றது வழக்கு, வென்றார். பின்னாளில் லாபோர்த்து என்ற பெயரையும் சூடிக்கொண்டார். பாராட்டத்தக்க வீரம்தான். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கறிஞரின் கால்களுக்குப் பாரிசிலே நீதி கிடைத்தது. வில்லியனூர்க் கழனியிலே நாற்று நட்டவனின் கால்களுக்கு எந்த ஊரிலே நீதிமன்றம் இருந்தது? அவன் வழக்கு பாரிசுக்குப் போகவேண்டியதில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போனாலே போதும். அதற்குத்தான் வழி இல்லை.

இத்தனைக்கும் துணிக்குப் பேர் போன பூமி இது. புதுவையிலிருந்து 'கினி' என்னும் நீலத் துணி, கடல் கடந்து ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. அங்கே அக்கேசியாப் பிசினை வாங்க அந்தத் துணியே நாணயம் போலக் கைமாறியதென வரலாறு கூறுகிறது. நெய்தவன் நாட்டிலே சட்டைக்குத் தடை. நெய்த துணிக்கு அயல் நாட்டிலே நாணயத்தின் மதிப்பு! கைத்தறி இருந்த இடத்திலே பின்னர் ஆலைகள் எழுந்தன. சவானா ஆலை, ரோடியர் ஆலை, பாரதி ஆலை ஆகியவற்றின் சங்கொலிதான் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குக் கடிகாரம்.

அந்த முதியவரின் தந்தையும் ஆலைத் தொழிலாளி. பொழுது விடியுமுன் நடந்து சென்று, பொழுது சாய்ந்து திரும்பியவர். அப்படிப்பட்டவன் எப்போது சினிமாப் பார்ப்பது? பொற்காலம் பேசுவோர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. மாலைப்பொழுது என்பது இயற்கை தந்த கொடை என்று நினைக்கிறார்கள். இல்லை! 1936ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் சவானா ஆலையிலே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது துப்பாக்கிகள் சுட்டன, பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முதலானோர் நடத்திய அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937இலே பிறந்த தொழிற்சட்டம், எட்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. கொட்டகையிலே விளக்கு அணைந்து திரை ஒளிர்கிறதே, அந்த மாலை நேரம் பன்னிரண்டு உயிர்கள் கொடுத்து வாங்கிய நேரம். நுழைவுச் சீட்டின் விலையிலே அது சேரவில்லை.

இனிக் கொட்டகைக்குள் செல்வோம். முதியவரின் முகம் மலர்ந்ததும் இந்த இடத்திலேதான்.

பகலிலே மாட்டுவண்டி வரும். இருபுறமும் படத்தட்டி, நடுவிலே தப்பட்டை, பின்னால் துண்டு நோட்டீசுக்காக ஓடும் சிறுவர் படை. மாலையிலே ஒலிபெருக்கி பாடத் தொடங்கும்; அது வயல் தாண்டி ஏரி தாண்டிக் கேட்கும். கூடாரத்தின் உள்ளே முன்புறம் மணல், அடுத்துப் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவிலே ஒரு தட்டி. படம் ஓட்டும் எந்திரம் ஒன்றே ஒன்றுதான். எனவே சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கு, வேர்க்கடலை, சோடா, பாட்டுப் புத்தகம்! மணலைக் குவித்து மேடாக்கி அதன் மீது அமர்ந்தால் முன்னால் இருப்பவன் தலை மறைக்காது. பின்னால் இருப்பவன் சண்டைக்கு வருவான். அது வேறு வரலாறு.

மணலுக்கும் நாற்காலிக்கும் இடையே இருந்த வேறுபாடு காசின் வேறுபாடு. பிறப்பின் வேறுபாடு அன்று. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையை முடிவு செய்தது சாதிப்படி அல்ல, வாங்கும் ஆற்றலே என்றும் ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக் காட்டியிருக்கிறார். காசின் வேறுபாடும் கொடுமைதானே என்று கேட்கலாம். கொடுமைதான். ஆனால் காசைச் சேர்க்கலாம். பிறப்பைச் சேர்க்க முடியாது. ஒருநாள் கூலியை மிச்சம் பிடித்து நாற்காலிச் சீட்டு வாங்கி, சட்டையோடு, காலை நீட்டி உட்கார்ந்தாராம் நம் முதியவர். படம் என்னவென்று கேட்டேன். நினைவில்லை என்றார். நாற்காலி நினைவிருக்கிறது!

நினைவிலிருந்த படம் பராசக்தி. 1952ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளிவந்து, பின்னர் ஊர் ஊராகக் கொட்டகைகளைச் சுற்றி வந்த படம். சிவாசி கணேசன் பேசிய வசனத்தை ஏரிக்கரையிலே மாடு மேய்த்த சிறுவர்கள் மூச்சு விடாமல் ஒப்பித்தார்களாம். பள்ளிக்கூடம் காணாத வாய்கள், எழுத்தறியாத நெஞ்சங்கள், ஆயினும் நீண்ட நீண்ட செந்தமிழ்த் தொடர்கள்! அந்த வசனத்தை எழுதிய மு. கருணாநிதி, 1945இலே இதே புதுவையில் திராவிடர் கழக மாநாட்டின்போது தாக்கப்பட்டு, பெரியாரின் கையால் காயத்துக்கு மருந்து பெற்றவர். ஏழே ஆண்டுகள்! அடித்து விரட்டப்பட்டவரின் சொல், அடித்த மண்ணின் மாட்டுக்காரப் பிள்ளைகளின் வாயில்.

புதுவையும் திரைக்குக் கொடுக்காமல் இருக்கவில்லை. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 1950இல் பொன்முடி என்ற படமாயிற்று. வளையாபதிக்கு 1952இல் அவரே உரையாடல் எழுதினார். அண்ணாவின் ஓர் இரவு 1951இல் படமானபோது பாவேந்தரின் பாடலொன்று அதிலே ஒலித்து வீடு வீடாகப் புகுந்தது. மணலிலே அமர்ந்தவனுக்குத் தன் ஊர்க்காரரின் தமிழ் அது என்று தெரிந்திருந்ததா? சிலருக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் பக்கத்திலிருப்பவனிடம் சொல்லிச் சொல்லிப் படத்தைப் பார்க்கவிடாமல் செய்தார்களாம்.

இவ்வளவும் ஆண்களின் கதை. தட்டிக்கு அப்பால் என்ன நடந்தது? அதை என் ஆயாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. பாகூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அந்த வட்டாரத்திலே பிரெஞ்சு ஊரும் இந்திய ஊரும் கட்டம் போட்ட சேலை போலக் கலந்து கிடந்தன. 1949இலே சுங்க ஒன்றியம் முறிந்த பிறகு, வயலைத் தாண்டினாலே வேறு நாடு, வேறு காவல் என்றாயிற்று. 1954 அக்டோபர் 18ஆம் நாள் வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16இலே சட்டப்படியும் நிறைவேறிற்று. இவையெல்லாம் நான் வகுப்பிலே நடத்தும் பாடம். ஆயாவின் நினைவிலோ 1956இலே வந்த அலிபாபாவும் நாற்பது திருடர்களும்! அதுதான் முதன்முதல் முழுநீள வண்ணத் தமிழ்ப் படம். "செவப்பு செவப்பாவே தெரிஞ்சுது" என்கிறார்.

பிறகு 1959இலே கல்யாணப் பரிசு. கல்லூரி மாணவியாக வருகிறார் சரோசாதேவி. மார்போடு அணைத்த புத்தகம், பின்னல், எடுப்பான ரவிக்கை. ஆயா அந்த ரவிக்கை போல ஒன்று வேண்டும் என்று அழுதாராம். தையற்காரர் தைத்துக் கொடுத்தார். "சினிமாக்காரி மாதிரி" என்று தெருவே பேசிற்று. பேசிய வாய்கள் அதே படத்தை இருமுறை பார்த்த வாய்கள் என்பதையும் குறித்துக்கொள்க! நான் சிரித்தேன். ஆயா சிரிக்கவில்லை. "நான் கேட்டது ரவிக்கை மட்டுமில்லடா. அந்தப் பொண்ணு கையில இருந்த புஸ்தகத்தையும் கேட்டேன். ரவிக்கையத் தச்சுக் குடுத்துட்டாங்க. புஸ்தகத்த யாரும் குடுக்கல" என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர்.

திரைப்படமும் இதிலே குற்றமற்றதன்று. படித்த பெண்ணைத் திமிர் பிடித்தவளாகக் காட்டி, நாகரிக உடையை அவள் மீது போட்டு, இறுதிக் காட்சியிலே சேலைக்குள் அடக்கி அனுப்பிய படங்கள் எத்தனை! சீர்திருத்தம் பேசிய படங்களும் சறுக்கின. 1954இலே வந்த இரத்தக்கண்ணீரில் எம். ஆர். இராதாவின் நடிப்பு ஈடற்றது, மறுக்கவில்லை. ஆனால் மேனாட்டுக் கோட்டை மாட்டியவனே கெட்டவன் என்ற சுருக்குவழியை அந்தப் படமும் எடுத்துக்கொண்டது. கோட்டும் சட்டையும் கூடாது என்று இராமநாதபுரத்திலே ஆணையிட்டவர்களுக்கு அது இனித்திருக்கும். பகுத்தறிவாளர் நாம் நம் வீட்டுப் படத்தையும் வெளிச்சத்திலே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

உடை அரசியலுக்கு வேறு சான்று வேண்டுமா? 1946 மே திங்களில் மதுரையிலே கருஞ்சட்டை மாநாடு. 1948இலே சென்னை மாகாண அரசு கருஞ்சட்டைப் படைக்கே தடை விதித்தது. துணியைக் கண்டு அரசு அஞ்சியது! ஒரு முழத் துணியிலே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஊர்த் தெருவையும் கேட்கட்டும், கோட்டையையும் கேட்கட்டும்.

முதியவரிடம் திரும்புகிறேன். சட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் சென்றீர்கள் என்று கேட்டேன். ஓராண்டு என்றார். பிறகு? ஓர் இரவு, படம் முடிந்து திரும்பும்போது, ஊர்த் தெரு முனையிலே அவர் சட்டையைக் கழற்றவில்லை. வேண்டுமென்றே அன்று, படத்தின் நினைப்பிலே மறந்து போனாராம். பாதித் தெரு கடந்த பின்புதான் உறைத்தது. கழற்றலாமா என்று நின்றார். "பாதி வந்தாச்சு, மீதியையும் நடந்துட்டேன்" என்றார். மறுநாள் பஞ்சாயத்து. அவருடைய தந்தை தண்டம் கட்டினார். கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மகனை அடிக்கவில்லை. அடுத்த கூலி நாளன்று ஆலைத் துணி எடுத்து வந்து இரண்டாவது சட்டை தைக்கக் கொடுத்தார். அதன் பிறகு பகலிலும் நடந்தாராம்.

ரோடியர் ஆலை என்று மக்கள் அழைத்த ஏ.எஃப்.டி. 2020இலே மூடப்பட்டது. சங்கு ஒலிப்பதில்லை. அந்த இரண்டாவது சட்டை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

முதியவர் மேடைப் பக்கம் கை காட்டினார். பென்சில் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் பேரன், முழங்கை வரை இரண்டு மடிப்பு மடித்துவிட்ட, பழுப்பேறிய வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்தான். போட்டியிலே அவனுக்குப் பரிசில்லை. துணி பழசாயிருக்கிறது என்று மதிப்பெண் குறைத்திருந்தார்கள். குறைத்தவர்களில் நானும் ஒருவன்.