கண்ணொளித் தொண்டின் வரலாறு

காளத்தியப்பருக்குத் தம் கண்ணையே இடந்து அப்பிய கண்ணப்ப நாயனாரின் வரலாறு நம் ஆலய அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. ஏழை மக்களின் கண்ணொளிக்காகத் தோன்றிய திருத்தொண்டு ஒன்றும் தமிழகத்தில் உண்டு. நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறிப் புறப்பட்ட மண்ணில் நிகழ்ந்தது அது.

வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் மகப்பேற்று மருத்துவராக விரும்பியவர். கடுமையான முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணச் செய்துவிட்டது. அக்கோணல் விரல்களாலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, கண் மருத்துவரானார். தம் வாழ்நாளில் 1,00,000க்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். (ஓய்வூதிய நாளை எண்ணிக் கொண்டிருக்கும் என்னைப் போன்ற அரசு ஊழியர்கள் இவ்வரியை இருமுறை படிக்கலாம்!) உடன்பிறந்தோரும் அவர்தம் துணைவரும் தோள் கொடுத்தனர். பணவசதி உள்ளோர் செலுத்திய கட்டணத்தால் இல்லாதோர்க்கு இலவச சிகிச்சை அளிக்கப்பட்டது.

ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. கிராம முகாம்களில் கண்புரை கண்டறியப்பட்டவர்களுள் பலர், அறுவை இலவசம் என்று கூறியும் மதுரைக்கு வரவில்லை. பேருந்துக் கட்டணம் இல்லை, உணவுக்கு வழியில்லை, உடன் வருபவர் கூலியை இழக்க வேண்டும், கத்தி என்றாலே அச்சம். பார்வை போவது முதுமையின் இயல்பு என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. மருத்துவர் திறமை மட்டும் இத்தடைகளைத் தாண்ட இயலுமா?

இங்கேதான் தொண்டர்கள் வருகிறார்கள். அரிமா சங்கங்களும் ரோட்டரி சங்கங்களும் கோயில்களும் பள்ளிகளும் முகாம்களை ஏற்று நடத்தின. ஊர் ஊராகச் செய்தி அறிவித்தல், இடம் ஒழுங்கு செய்தல், வருவோர் பெயரைப் பதிதல், எழுதப் படிக்கத் தெரியாத முதியோரைக் கைப்பிடித்து ஒவ்வொரு மேசைக்கும் அழைத்துச் செல்லுதல், பசியாற்றுதல் யாவும் அவர்கள் பொறுப்பு. பார்வை, கண் அழுத்தம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதிப்பது மருத்துவக் குழுவின் பணி. அறுவை தேவைப்பட்டோர் அன்றே பேருந்தில் கூட்டமாக மதுரைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உணவு, தங்குமிடம், திரும்பும் பயணம் அனைத்தும் இலவசம். தன் ஊரார் பத்துப் பேர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது கிழவிக்கு அச்சம் பாதியாகக் குறைந்தது. என் எண்ணத்தில், இவ்வரலாற்றில் அறுவைக் கத்திக்கு அடுத்த இடம் அந்தப் பேருந்துக்கே.

தொடக்கத்தில் அறுவைக்குப்பின் தடித்த கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. 1992இல் மதுரையிலேயே நிறுவப்பட்ட அரோலேப், வெளிநாட்டு விலையில் சிறு பகுதிக்கே உள்விழி வில்லைகளைத் தயாரித்ததால், அவை ஏழைகளுக்கும் எட்டின. டாக்டர் வெங்கடசாமி 2006இல் மறைந்தார், தொண்டு தொடர்கிறது.

அறுவை முடிந்த சில வாரங்களில் மருத்துவக் குழு அதே ஊருக்கு மறுபரிசோதனைக்கு வரும். பார்வை மீண்டவர்கள் தத்தம் தெருவில் சொன்ன சொல், ஒலிபெருக்கியைவிட அதிகம் பேரை அடுத்த முகாமுக்கு அழைத்து வந்தது.