பிடித்துவைத்த பத்து சதவீதம்



இரண்டாம் உலகப் போர் என்றதும் நமக்கு பேர்ல் ஹார்பரும் ஹிரோஷிமாவும்தான் நினைவுக்கு வரும். அந்தப் போர்க்காலத்தில் அமெரிக்க வயல்களில் வேலை பார்த்தவர்கள் யார்? நம் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஆள் பற்றாக்குறையால் அமெரிக்கா 1942 ஆகஸ்ட் 4 அன்று மெக்ஸிகோவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. அதில் போனவர்களுக்கு 'பிராஸெரோ' என்று பெயர். ஸ்பானிஷில் 'பிராஸோ' என்றால் கை. ஆளெடுக்கும் இடத்தில் முதலில் பார்த்ததும் கையைத்தான். உள்ளங்கை காய்த்திருந்தால்தான் விவசாயி என்று நம்புவார்கள். எல்லை தாண்டியதும் வரிசையாக நிறுத்தி, உடம்பில் டிடிடி தூளை அடித்தார்கள். 1956-ல் லெனார்ட் நாடெல் எடுத்த அந்தப் புகைப்படத்தைப் பாருங்கள், மனம் கனக்கும்.

காகிதத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. மணிக்குக் குறைந்தது 30 சென்ட் கூலி, தங்குமிடம், திரும்பிப்போகப் பயணச் செலவு. வயலில் கதை வேறு. கலிஃபோர்னியாவில் கொடுத்த களைக்கொத்தியின் பிடி ஒன்றிரண்டு அடிதான். நாள் முழுக்க குனிந்தே நிற்க வேண்டும். முதுகு போனவர்கள் ஏராளம். அந்தக் கருவியை 1975-ல்தான் தடை செய்தார்கள். திட்டமோ 1964-லேயே முடிந்துவிட்டது! மொத்தம் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். (ஒரே ஆள் பலமுறை போனதால் ஆட்களின் எண்ணிக்கை இதைவிடக் குறைவு.)

எனக்கு ஆறாதது இன்னொன்று. ஆரம்ப ஆண்டுகளில் கூலியில் 10 சதவீதத்தைச் சேமிப்பு என்று பிடித்தார்கள். ஊர் திரும்பியதும் அந்தப் பணத்தில் விவசாயக் கருவிகள் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பணம் அமெரிக்க வங்கியிலிருந்து மெக்ஸிகோ வங்கிகளுக்குப் போனது. உழைத்தவர்களில் பெரும்பாலோர் கைக்கு வரவில்லை. அப்படி ஒரு பிடித்தம் நடந்ததே பலருக்குத் தெரியாது.

கிழவர்களான பிறகு ஊர்வலம் போனார்கள், அமெரிக்க நீதிமன்றத்திலும் வழக்குப் போட்டார்கள். 2005-ல் மெக்ஸிகோ அரசு இறங்கிவந்து, ஆளுக்கு 38,000 பெசோ தருவதாகச் சட்டம் போட்டது. ஆனால் பழைய ஒப்பந்தத் தாள் போன்ற ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்றார்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய தாள்! பல வீடுகளில் அதைத் தேடி எடுத்து வந்து வரிசையில் நின்றது விதவைகளும் பிள்ளைகளும்தான்.