நிலத்தடி வடிகால் குழாய்களை வரைபடமாக்கல்

பயிர் நிலத்தில் தேங்கும் நீரையும் உப்பையும் வெளியேற்ற மண்ணுக்குள் பதிக்கப்பட்ட துளைக் குழாய்களின் தடம், ஆழம், சரிவு, வெளிவாய் ஆகியவற்றைக் கண்டறிந்து படத்தில் குறிக்கும் பணியே நிலத்தடி வடிகால் குழாய்களை வரைபடமாக்கல் ஆகும். அடைப்பு எடுக்கவும், இரண்டு வரிசைகளுக்கு இடையே புதுக் குழாய் சேர்க்கவும், ஜேசிபி இறங்கும்போது குழாய் உடையாமல் காக்கவும் இந்தப் படம் வேண்டும்.

ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் ஜான்ஸ்டன், நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவா ஊருக்கு அருகே தம் பண்ணையில் 1838-இல் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்தார். அமெரிக்காவில் இம்முறை பரவியது அதன் பிறகே. பதித்தவர்கள் மறைந்து, நிலம் கைமாறி, படமும் இல்லாமல் போனதால் குழாயைத் தேடுவதே அங்கு தனித் தொழில்நுட்பமாக வளர்ந்தது. இந்தியாவில் 1969-இல் தொடங்கிய கர்னால் மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் முன்னோடி. ஹரியானாவிலும் ராஜஸ்தானின் சம்பல் பாசனப் பகுதியிலும் வலை உறையிட்ட நெளிவுக் குழாய்கள் பெருமளவில் பதிக்கப்பட்டன.

தமிழகத்தின் கொங்குப் பகுதியின் நிலை வேறு. நொய்யல் ஆற்றை அடுத்த சோமனூர் வட்டாரம் மழை குறைந்த மேட்டுநிலம். இங்கே தோட்டத்துக்கு அடியில் ஓடுபவை பெரும்பாலும் கிணற்று நீரைக் கொண்டுசெல்லும் பிவிசி குழாய்களும் சொட்டுநீர்க் குழாய்களுமே. வடிகால் தேவைப்படுவது வாய்க்கால் பாசனம் உள்ள தாழ்நிலங்களுக்கு. சுமார் 200 கி.மீ. நீளமுள்ள கீழ்பவானி வாய்க்காலின் கசிவு நீர் அங்கு சில வயல்களில் ஊறி நிற்கிறது. அதே கசிவுதான் கிணறுகளையும் நிரப்புகிறது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டத்தைப் பல விவசாயிகள் எதிர்த்ததற்கு இதுவே காரணம். ஆகவே கொங்கில் வடிகாலை எங்கும் பொருந்தும் நன்மையாகக் கொள்ள முடியாது. நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அதன் பாசன நிலங்கள் உவர்ப்படைந்தன. அத்தகைய நிலத்தில் குழாய் பதித்தாலும் வடியும் உப்புநீரை எங்கே விடுவது என்ற கேள்வி மிஞ்சும்.

புதைந்த குழாயைத் தேடும் மிக எளிய கருவி, டி வடிவக் கைப்பிடி வைத்த எஃகுக் கம்பி. வெளிவாயிலிருந்து குழாயின் போக்கை ஊகித்து, அதற்குக் குறுக்காக ஓரடிக்கு ஒரு குத்து எனக் கம்பியை மெல்ல இறக்க வேண்டும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய மண் பல ஆண்டுகள் கழித்தும் சற்று இளகியே இருப்பதால் கை அதை உணரும். ஆனால் கோவை, பல்லடம் பகுதிகளில் மண்ணுக்கு அடியில் சுக்கான்கல் கிடக்கும் இடங்களில் கம்பி எங்கு குத்தினாலும் நிற்கும். குழாயா கல்லா என்று பிரித்தறிவது கடினம். பிளாஸ்டிக் குழாயை உலோகங்காட்டியும் காட்டாது. வெளிவாய் வழியே ரேடியோ அலைபரப்பியை நுழைத்து, மேலே ஏற்பியோடு நடந்து தடம் பிடிப்பது உண்டு.

வானிலிருந்து பார்ப்பதும் பயன் தரும். நல்ல மழைக்குப் பின் இரண்டு மூன்று நாளில், குழாய்க்கு மேலுள்ள மண் முந்திக் காய்ந்து வெளிறிய கோடாகத் தெரியும். ட்ரோனில் பொருத்திய அகச்சிவப்புக் கேமராவில் இது இன்னும் துலங்கும். ஆனால் பயிர் மூடிய நிலத்திலும் ஆண்டு முழுவதும் நீர் பாயும் வயலிலும் இம்முறை பெரிதும் தோற்கிறது. தரையூடுருவும் ரேடார் ஓஹியோவின் சோதனைத் திடல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு குழாய்களைக் கண்டுபிடித்தது. கரிசல் போன்ற களிமண்ணிலும் உவர்நிலத்திலும் அதன் அலை விரைவில் அடங்கிவிடும். வடிகால் அதிகம் தேவைப்படும் உவர்நிலத்தில்தான் ரேடார் கைவிடுகிறது.

எனவே குழி திறந்திருக்கும் நாளிலேயே அளந்துவிடுவதுதான் சிறந்த வழி. துல்லிய ஜிபிஎஸ் கருவியால் வளைவு, இணைப்பு, தொட்டி, வெளிவாய் ஒவ்வொன்றின் இடத்தையும் ஆழத்தையும் குறிக்கலாம். குழாயோடு ஒரு செப்புக் கம்பியைப் புதைத்தால் பின்னாளில் தேடுவது எளிது. வடிவமைப்புப் படத்தை மட்டும் நம்புவது போதாது. பாறையோ மரமோ குறுக்கிட்டால் களத்தில் குழாய் விலகியிருக்கும். நில அளவைத் துறையின் புலப்படம் எல்லைகளையும் உட்பிரிவுகளையும் காட்டுமே ஒழிய, தனியார் பதித்த குழாய்களைக் காட்டாது. நிலத்தை விற்பவர் குழாய்ப் படத்தைப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்தால் மட்டுமே அந்தத் தகவல் வாங்குபவரைச் சேரும்.