பணிசெய்தார் பெயர் பொறித்த பெருவேந்தன்

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலைக் கண்டு வியவாதார் இலர். வானளாவ ஓங்கி நிற்கும் ஸ்ரீவிமானத்தின் உயரத்தைப் பேசுவோர் பலர். நந்தியெம்பெருமானின் பேருருவைப் பேசுவோரும் பலர். ஆனால் விமானத்தின் அடித்தளத்திலும் திருச்சுற்றிலும் வரிவரியாகப் பொறிக்கப்பெற்றுள்ள எழுத்துக்களின்முன் நின்று படிப்போர் மிகச் சிலரே. தலைமை பூண்ட ஒருவன் தன்னோடு உழைத்தாரை எவ்வாறு மதித்தல் வேண்டும் என்பதற்கு, தமிழகத்தில் அவ்வெழுத்துக்களினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

திருக்கோயிலை எடுப்பித்தவன் யாவன் என்பதே ஒரு காலத்தில் மறக்கப்பட்டிருந்தது. கரிகாலன் கட்டினான் என்று தலபுராணம் கூறிற்று. மக்களும் அதனையே நம்பினர். ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் அவர்கள் இக்கல்வெட்டுக்களைப் படித்து, 1891 முதல் 'தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்' இரண்டாம் தொகுதியாக வெளியிடத் தொடங்கிய பின்னரே முதலாம் இராஜராஜ சோழனின் பெருமை உலகறிய விளங்கிற்று. ஆடல் மகளிர் பெயரையும் ஆயர் பெயரையும் எந்தக் கல் காத்ததோ, அந்தக் கல்லே அவர்தம் அரசன் பெயரையும் காத்துத் தந்தது என்பது எண்ணி இன்புறற்பாலது.

இராஜராஜன் 985 முதல் 1014 வரை ஆட்சி புரிந்தவன். தனது இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275 ஆம் நாளில், அதாவது 1010 இல், விமானத்தின் உச்சியில் வைத்தற்குப் பொன் வேய்ந்த செப்புக்குடத்தை அளித்தான். அடுத்த ஆண்டின் இருபதாம் நாளில், தஞ்சை அரண்மனையில் இருமடிசோழன் என்னும் மாளிகையின் கிழக்கேயுள்ள திருமஞ்சன சாலையில் வீற்றிருந்தபோது ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையார் கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், இவரன்றிப் பிறர் கொடுத்தவற்றையும் ஸ்ரீவிமானத்துக் கல்லிலே வெட்டுக என்பதே அவ்வாணை. 'பிறர்' என்பாரும் அவ்வாணையில் இடம்பெற்றமையே இங்குக் கருதத்தக்கது. பேரரசன் ஒருவன் தன் கொடையை மட்டும் பொறித்து அமைந்திருப்பின் அவனைக் குறைகூறுவார் யார்?

இவ்வழக்கம் அவனுக்குப் புதிதன்று. இராஜராஜனுக்குப் பாட்டி முறையினரான செம்பியன் மாதேவியார், கோனேரிராசபுரம் என இந்நாளில் வழங்கும் திருநல்லத்துக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, தம் கணவர் கண்டராதித்தர் இறைவனை வழிபடும் கோலத்தை அங்கே சிற்பமாக அமைத்தார். அத்துடன் நில்லாது, தம் ஆணையின்படி அத்திருப்பணியை நின்று முடித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பானின் உருவத்தையும், பெயரையும், அவன் பெற்ற பட்டத்தையும் கல்லில் நிலைபெறச் செய்தார். அம்மூதாட்டியாரின் திருப்பணிகளைக் கண்டு வளர்ந்த இளவரசனே பின்னாளில் இராஜராஜன் ஆனான்.

தஞ்சையிலும் அவ்வாறே. திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் இராமனான மும்முடிசோழ பிரமராயன். அரசன் திருவாய் மலர்ந்தருள இவன் எடுப்பித்தான் என்று கல்வெட்டுக் கூறுகிறது. ஆணை அரசனுடையது, பணி சேனாபதியினுடையது, இரண்டையும் கல் மறைக்கவில்லை. கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான், சம்பந்தர், அப்பர், சுந்தரர் முதலியோருடைய செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்த செய்தியும், குந்தவைப் பிராட்டியார் உமாபரமேசுவரியின் திருமேனிகளை எழுந்தருளுவித்த செய்தியும் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும் மணிகளைத் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்து எழுதினர். அரசன் கொடுத்த பொன்னுக்கு ஒரு நிறை, அதிகாரி கொடுத்ததற்கு வேறொரு நிறை என்பது இல்லை.

இவர்கள் யாவரும் உயர்நிலையினர். இவர்களை அரசன் போற்றியது வியப்பன்று என்று கூறுவாரும் உளர். அன்னார் திருச்சுற்று மதிலில் உள்ள நீண்ட கல்வெட்டைக் காண்பாராக. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து வருவிக்கப்பெற்ற நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அதிலே ஒவ்வொன்றாக எழுதப்பட்டுள்ளன. 'நானூற்றுவர்க்கு இவ்வளவு நெல்' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். கல்தச்சர்க்கும் வேலை குறைந்திருக்கும். இராஜராஜன் அவ்வாறு முடிக்கவில்லை. ஒவ்வொருத்திக்கும் பெயர், அவள் முன்பிருந்த ஊர், அவ்வூர்த் திருக்கோயில், தஞ்சையில் அவள் குடியேறிய தெரு, தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்னும் செய்திகள் யாவும் பொறிக்கப்பட்டன. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீடு, திருவையாற்று ஓலோகமாதேவீச்சரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கையினுடையது. திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறு, திருவிடைமருதூர் என்று ஊர்கள் தொடர்கின்றன. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல்.

அதே கல்வெட்டு மேலும் தொடர்ந்து, நட்டுவம் செய்வார், வங்கியம் ஊதுவார், வீணை வாசிப்பார், ஆரியம் பாடுவார், தமிழ் பாடுவார், கணக்கெழுதுவார் ஆகியோரை நிரல்படக் கூறுகிறது. அங்கும் நில்லாது, குடை பிடிப்பார், விளக்கு ஏற்றுவார், நீர் தெளிப்பார், மட்கலம் வனைவார், ஆடை வெளுப்பார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் வரை வந்து சேர்கிறது. தச்சர் வரிசையிலே வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் காணப்படுகிறான். விமானத்தை வகுத்த சிற்பி இவனே என்று பலரும் போற்றுவர். கல்வெட்டோ அவனை நெற்பங்கு பெறுவார் நிரலிலேயே வைத்துள்ளது. அவனுடன் நித்தவிநோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்னும் இருவரும் கூறப்படுகின்றனர். இராஜராஜன், நித்தவிநோதன் என்பன அரசனின் சொந்தப் பெயர்கள். கண்டராதித்தன் என்பது அவன் குலத்து முன்னோன் பெயர். பொன்னும் நெல்லும் எந்தச் செல்வனும் கொடுப்பான். தன் பெயரையே தன் தச்சன் தாங்கி நடக்க விடுவது அவ்வளவு எளிதன்று.

திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டிமத்தளம் முழக்குவார் ஒருவருமாக ஐம்பதின்மர் நியமிக்கப்பெற்றனர். இவர்க்கு நாள்தோறும் முக்குறுணி நெல். ஆண்டுக்குக் கணக்கிடின் 91 கலத்திற்குச் சற்று மிகும். எனவே தேவாரம் ஓதுவார்க்கும் ஆடல் மகளிர்க்கும் இடையே அரசன் வைத்த வேறுபாடு மிகச் சிறிதே. அதுவும் ஆடல் மகளிர் பக்கமே சாய்ந்திருக்கிறது! நந்தாவிளக்கிற்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்ட ஆயர்களும், தத்தம் ஊரும் பெயரும் குறித்து எழுதப்பட்டுள்ளனர்.

இத்துணைச் சிறப்பிற்கும் ஒரு மறுபக்கம் உண்டு; அதனை ஒளித்தல் வரலாற்றுக்கு அழகன்று. அரசன் அளித்த பொருள்களில் ஒரு பகுதி, சேரமானையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்து வந்தது என்று கல்வெட்டுக்களே உரைக்கின்றன. நெல் அளந்தவை சோழநாட்டு ஊர்கள். அவற்றின் சுமை உழவர் தலைமேல் இருந்தது. பிறந்து பழகிய ஊரை விட்டுத் தஞ்சைக்கு வந்த அந்நானூறு பெண்டிரும் விரும்பி வந்தனரோ என்று கல்வெட்டு சொல்லவில்லை. அவர்களைக் கேட்டதாகவும் சொல்லவில்லை. மலைபோன்ற கற்களை வெட்டியும் இழுத்தும் ஏற்றியும் உழைத்த பல்லாயிரவரின் பெயர்கள் எங்கும் இல்லை. இராஜராஜனின் நன்றியுணர்வும் கோயிலில் நாள்தோறும் தொண்டு செய்வாரளவில் நின்றுவிட்டது. கல்லைச் சுமந்த தோள்கள் அதற்குள் அடங்கவில்லை.

அந்த எல்லைக்குள் அவன் செய்தது முழுமையாகச் செய்யப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. திருவிழாவன்று மாலை சூட்டிப் பாராட்டி மறுநாள் மறந்துவிடும் வகையன்று அவன் காட்டிய மதிப்பு. பங்கு பெற்றவர் இறப்பினும், வேற்று நாட்டிற்குச் சென்றுவிடினும் என்ன செய்வது என்பதையும் அக்கல்வெட்டே வகுத்துரைக்கிறது. அவர்க்கு அணுக்க உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்க. உறவினர்க்கு அத்தொழில் தெரியாதாயின், தெரிந்த வேறொருவரை அவரே அமர்த்திக்கொள்க. உறவினரே இலராயின், அத்தொழில் செய்யும் மற்றையோர் கூடித் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்துகொள்க என்பது விதி. தேர்ந்தெடுக்கும் உரிமையை அதிகாரியிடம் கொடுக்காமல் தொழிலறிந்தாரிடமே விட்ட இவ்வொரு விதி, அவர்தம் அறிவின்மீது அரசன் வைத்திருந்த மதிப்பை எந்தப் புகழுரையினும் தெளிவாகக் காட்டுகிறது.

தளிச்சேரித் தெருக்கள் இன்று இல்லை. அளந்த மரக்காலும் இல்லை. அளிக்கப்பட்ட அணிகலன்களுள் பெரும்பாலனவும் மறைந்தன. 2020 பிப்ரவரி 5 ஆம் நாள் பெருவுடையார்க்குத் திருக்குடமுழுக்கு நடைபெற்றபோது குழுமிய இலட்சக்கணக்கான அன்பர்கள் விமானத்தின் உச்சியை நோக்கிக் கைகூப்பினர். கீழே மதிலின்மேல், தென்சிறகின் தலைவீடு திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கைக்கு உரியது என்னும் எழுத்துக்கள் படிக்கக்கூடியனவாகவே இருந்தன.