டெலானோவில் ஒரு லாரி மேடை



ஞாயிற்றுக்கிழமை ஆனால் டீச்சர் ஒரு பழங்கதையோடு வந்துவிடுவார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் கதை கொஞ்சம் நீளம். டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

பிழைக்க வந்தவர்களையும், ஊரிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களையும் ஊரோடு சேர்க்க நாடகம் உதவுமா? உதவும் என்பதற்கும், அது எங்கே தவறிவிடும் என்பதற்கும் ஒரே ஊரில் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் திராட்சை விளையும் டெலானோதான் அந்த ஊர். ஆண்டு 1965.

அந்தத் தோட்டங்களில் முக்கியமாக இரண்டு கூட்டத்தார் வேலை செய்தார்கள். முதலாவது மெக்சிகோ வழியினர். இவர்கள் எல்லோரும் எல்லை தாண்டி வந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1848 வரை கலிஃபோர்னியாவே மெக்சிகோவின் பகுதிதான். போரில் தோற்ற மெக்சிகோ அதை விட்டுக்கொடுத்தது. அங்கேயே இருந்த குடும்பங்கள் ஒரே நாளில் சிறுபான்மையாகிவிட்டன. அதற்குப் பிறகு வேலை தேடி வந்தவர்களும் உண்டு. 1942 முதல் 1964 வரை இரு அரசுகளின் ஒப்பந்தப்படி கூலிகளாக அழைத்து வரப்பட்டவர்களும் உண்டு.

இரண்டாவது கூட்டத்தார் பிலிப்பைன்ஸ்காரர்கள். பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் ஆட்சியில் இருந்த 1920களிலும் 30களிலும் இளைஞர்களாக வந்தவர்கள். வெள்ளையர் வீட்டுப் பெண்ணை அவர்கள் மணக்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1948 வரை சட்டம் இருந்தது. கூட வந்த பெண்களோ மிகக் குறைவு. ஆகவே பலர் கல்யாணமே இல்லாமல், தோட்டத்துக் கொட்டகைகளில் கிழவர்களானார்கள். அவர்களை ‘மனோங்’ என்று அழைப்பார்கள். இலோகானோ மொழியில் அதற்கு ‘அண்ணன்’ என்று பொருள்.

இன்னொரு செய்தியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1935இல் அமெரிக்கா ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்க உரிமை தந்தது. வயலில் வேலை செய்வோரையும் வீட்டு வேலை செய்வோரையும் அந்தச் சட்டம் விலக்கி வைத்தது. அதனால் ஒரு கூட்டத்தார் வேலையை நிறுத்தினால் முதலாளிகள் மற்றொரு கூட்டத்தாரைக் கொண்டுவந்து அதை முறித்துவிடுவார்கள். மொழி வேறு, கொட்டகை வேறு. ஒருவரையொருவர் அறியாமலே எதிரிகளாக இருந்தார்கள்.

1965 செப்டம்பர் 8 அன்று லாரி இட்லியோங் என்பவரின் தலைமையில் பிலிப்பைன்ஸ் அண்ணன்மார் வேலையை நிறுத்தினார்கள். மணிக்கு 1 டாலர் 40 சென்ட், பெட்டிக்கு 25 சென்ட். இதுதான் அவர்கள் கேட்டது. சீசர் சாவேஸும் டோலோரஸ் உவெர்ட்டாவும் நடத்திய மெக்சிகோ வழியினரின் சங்கம் 16ஆம் தேதி கூடி, நாமும் சேருவோம் என்று முடிவெடுத்தது. இந்த முறை ஒருவரை வைத்து மற்றவரை அடிக்க முடியவில்லை. ஆனாலும் தினமும் புதுக் கூலிகள் லாரியில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களும் பசித்த வயிறுகள்தான். அவர்களிடம் எப்படிப் பேசுவது?

இங்கேதான் லூயிஸ் வால்டெஸ் வருகிறார். 1940இல் டெலானோவிலேயே, தோட்டத்துக்குத் தோட்டம் அலைந்த கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பள்ளி நாளைக் கேளுங்கள். ஆறு வயதில் அவர் மதியச் சாப்பாட்டைக் காகிதப் பையில் எடுத்துப்போவார். ஒரு நாள் பையைக் காணோம். தேடினால், பள்ளி நாடகத்துக்கு முகமூடி செய்ய டீச்சர் அதைக் கிழித்து ஊறவைத்திருக்கிறார். காகிதக் கூழ் குரங்கு முகமாக மாறுவதைப் பார்த்து பையன் சொக்கிப்போனான். அவனுக்கே குரங்கு வேடம் கிடைத்தது. ஆனால் நாடகம் நடக்குமுன்பே அந்தக் குடும்பம் குடியிருப்பை விட்டு வெளியேற்றப்பட்டது. நடிக்க முடியாமல் போன அந்த வெறுமையிலிருந்துதான் தன் நாடக வாழ்க்கை தொடங்கியது என்று பின்னாளில் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

சான் ஹோசேயில் படித்து, சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு நாடகக் குழுவில் பயிற்சி பெற்று, 1965இல் அவர் டெலானோவுக்குத் திரும்பினார். வேலைநிறுத்தக்காரர்களைக் கூட்டிவைத்து அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. சில அட்டைகளில் எழுதிக் கழுத்தில் மாட்டச் சொன்னார். ஒன்றில் ‘முதலாளி’, ஒன்றில் ‘வேலைநிறுத்தக்காரன்’, ஒன்றில் ‘கருங்காலி’. கருங்காலி அட்டையை மாட்டிக்கொள்ள யாரும் வரவில்லை. கடைசியில் ஒருவர் மாட்டிக்கொண்டதும் மற்றவர்கள் அவரைச் சூழ்ந்து திட்ட, அவர் பதில் சொல்ல, பார்த்தவர்கள் சிரித்து உருண்டார்கள். அவ்வளவுதான், நாடகம் பிறந்துவிட்டது. அகஸ்டின் லீரா என்ற இளைஞரும் சேர்ந்துகொண்டார். குழுவின் பெயர் ‘எல் தியாத்ரோ காம்பெசினோ’, அதாவது உழவுத் தொழிலாளர் நாடகக் குழு.

மேடை என்பது பக்கவாட்டுப் பலகை இல்லாத ஒரு லாரி. அதைத் தோட்டத்து ஓரம் நிறுத்தி, உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் பார்க்கும்படி நடிப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிட நாடகம். ‘ஆக்டோ’ என்று பெயர். அச்சிட்ட வசனம் கிடையாது, பேசிப் பேசியே உருவாக்கினார்கள். அதனால் எழுத்துத் தெரியாதவரும் நடிக்கலாம். ஒரு மாலையில் தயாராகிவிடும். இன்று இருப்பவர் நாளை வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாலும், அட்டையை இன்னொருவர் கழுத்தில் மாட்டினால் போதும். நிலையாக ஓரிடத்தில் இருக்க முடியாதவர்களுக்குப் பொருந்திய நாடகம் அது.

‘முதலாளியின் இரண்டு முகங்கள்’ என்ற நாடகத்தில், பன்றி மூஞ்சி முகமூடியும் சுருட்டுமாக ஒரு முதலாளி வருகிறார். ‘உன் வாழ்க்கை எவ்வளவு சுகம், எனக்குத்தான் எத்தனை கவலை’ என்று கூலியிடம் அலுத்துக்கொள்கிறார். விளையாட்டாக இருவரும் வேடம் மாற்றிக்கொள்கிறார்கள். முகமூடி கூலியின் முகத்துக்குப் போனதும் அதிகாரமும் கூடவே போய்விடுகிறது. முதலாளியின் சொந்தக் காவலாளிக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. கடைசியில் முதலாளியே சாவேஸைக் கூப்பிட்டு, வேலைநிறுத்தம் என்று கத்துகிறார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி செய்வான் இல்லையா? அது போலத்தான். நேற்றுவரை தலை நிமிர்ந்து பார்க்க அஞ்சிய ஒருவரின் முகத்தைத் தன் முகத்தில் மாட்டி, அவரைப் போலவே நடந்து காட்டிய தொழிலாளிக்கு மறுநாள் அவரைப் பார்த்தால் பழைய பயம் வருமா?

1966 மார்ச் 17 அன்று டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு நடைப்பயணம் கிளம்பியது. சுமார் 300 மைல். ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறன்று போய்ச் சேர்ந்தார்கள். வழியில் இரவுதோறும் நடந்த கூட்டங்களில் இந்தக் குழு நடித்தது. அந்த ஆகஸ்டில் இரு சங்கங்களும் ஒன்றாயின. நாடு முழுவதும் மக்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தியதால், 1970 ஜூலையில் டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஐந்து ஆண்டுப் போராட்டம். நாடகம் மட்டும் அதை வென்று தரவில்லை. ஆனால் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தவர்களை அது வீதிக்குக் கொண்டுவந்தது.

வால்டெஸ் 1967இல் சங்கத்திலிருந்து விலகித் தனியாக நாடகம் வளர்த்தார். 1979இல் அவருடைய ‘ஜூட் சூட்’ நியூயார்க்கின் பிராட்வேயில் ஏறியது. மெக்சிகோ வழி அமெரிக்கர் ஒருவரின் நாடகம் அங்கே ஏறியது அதுவே முதல் முறை. குழு 1971 முதல் சான் யுவான் பவுட்டிஸ்டா என்ற சிற்றூரில் இருக்கிறது. சான் ஹோசேயில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, உங்களுக்கு அது காரில் ஒரு மணி நேரம்தான். ஒரு முறை போய் வாருங்கள்.

இனி, நான் சொல்ல வந்த மறுபக்கம். முதலில் வேலையை நிறுத்தியவர்கள் யார்? பிலிப்பைன்ஸ் அண்ணன்மார். ஆனால் லாரி மேடையில் ஒலித்தவை ஸ்பானிஷும் ஆங்கிலமும். கூலி வேடத்தில் வந்து நின்றவர் மெக்சிகோ வழியினர். நடைப்பயணத்தின் முன்னால் சென்ற மாதா கொடியும் மெக்சிகோ மக்களுடையது. ஒரு கூட்டத்தாருக்குத் தங்களையே காட்டிய கண்ணாடியில் மற்றவரின் முகம் தெரியவில்லை. இட்லியோங் 1971இல் சங்கத்தை விட்டே விலகினார். பல காலம் பாடப் புத்தகங்களில் சாவேஸ் பெயர் இருந்தது, இவர் பெயர் இல்லை. பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களின் பங்கையும் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது 2013இல். வேலைநிறுத்தம் தொடங்கி 48 ஆண்டுகளுக்குப் பிறகு! இந்த மறதிக்கு நாடகம் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேடையில் ஏறாதவர் கதையிலிருந்தும் இறங்கிவிடுகிறார் என்பதை இதில் பார்க்கிறேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். நான் வேலை பார்த்த நாளில் செங்கல் சூளைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் பொங்கல் கழிந்து வந்து சேர்வார்கள், மழைக்கு முன் போய்விடுவார்கள். இன்று திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் பீகார், ஒடிசா பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஆண்டு விழா நாடகம் போடும்போது, தமிழ் தெரியாது என்று அவர்களைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைக்காதீர்கள். மரமாகவும் நிற்க வைக்காதீர்கள். முதலில் கழுத்தில் ஓர் அட்டையும் கையில் ஒரு வேலையும் கொடுங்கள். வசனம் பிறகு வரும், அதுவும் பாதி அவர்கள் மொழியில் இருக்கட்டும். தமிழ்ப் பிள்ளைகள் அந்த நாலு சொல்லைக் கற்றுக்கொள்ளட்டும். இரண்டு மாதம் ஒத்திகை வேண்டாம், ஒரு வாரத்தில் போட்டுவிடுங்கள். அவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று நமக்குத் தெரியாது.

இப்படி யாராவது உங்கள் பள்ளி மேடையில் ஏறியிருந்தால், எந்த ஊர்ப் பிள்ளை, என்ன வேடம் என்று கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்